எச்.ஐ.வி. ஐயம் எழுந்தால்: எப்போது சோதிப்பது, எத்தனை முறை சோதிப்பது?

மாலைப் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டு, கடைசி ஆளாக உள்ளே வந்தார் ஓர் இளைஞர். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். பின்னர் நெகிழிக் கோப்பு ஒன்றிலிருந்து ஐந்து இரத்தப் பரிசோதனை அறிக்கைகளை எடுத்து என் மேசைமீது வரிசையாக வைத்தார். ஐந்தும் வெவ்வேறு ஆய்வகங்களில் எடுக்கப்பட்டவை. ஐந்திலும் எச்.ஐ.வி. ‘நெகட்டிவ்’ என்றே இருந்தது. ஆயினும் அவர் பதினெட்டு நாள்களாகச் சரியாக உறங்கவில்லை.

“டாக்டர், எனக்கு இருக்கா, இல்லையா? இதை மட்டும் சொல்லுங்க.”

அறிக்கைகளின் தேதிகளைப் பார்த்தேன். நிகழ்வுக்கு அடுத்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஆறு, பத்து, பதினான்காம் நாள்களில் ஒவ்வொன்று. அவர் கேட்ட வினாவுக்கு அந்த ஐந்தில் ஒன்றும் விடை சொல்ல இயலாது. இதைவிட வருத்தம் தந்தது வேறொன்று. நிகழ்வு நடந்து 72 மணி நேரம் முடிவதற்குள் அவர் இருமுறை ஆய்வக வாயிலில் நின்றிருக்கிறார். அந்த வேளையில் தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. என் அறைக்கு வந்தபோது அந்த வாய்ப்புக் கடந்துவிட்டிருந்தது.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். ஆனால் இது ஒருவருடைய கதை மட்டுமன்று. ஆணுறை கிழிந்துவிட்டது என்று வருபவர், மருத்துவமனைப் பணியில் ஊசி குத்திக்கொண்ட செவிலியர், கணவருக்குத் தொற்று இருப்பதை அன்றுதான் அறிந்த மனைவி, வன்கொடுமைக்கு ஆளாகி எவரிடமும் சொல்ல இயலாமல் தவிக்கும் பெண் ஆகிய அனைவரும் கேட்பது ஒரே கேள்விதான்: நான் எப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்? இதற்கான விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. மருத்துவரைக் காண உடனே செல்ல வேண்டும். இறுதி முடிவை அறிய உரிய நாள்வரை காத்திருக்க வேண்டும். இவற்றில் எதை விட்டாலும் இடர்ப்பாடுதான்.

எது ஆபத்து, எது ஆபத்தன்று

எச்.ஐ.வி. கிருமி இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியே பரவுகிறது. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்படுதல், தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லுதல் ஆகிய நான்குமே முதன்மையான வழிகள்.

கொசுக்கடியால் இது பரவாது. ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும், கட்டித் தழுவுவதாலும், எச்சில் படுவதாலும் பரவாது. சித்திரைத் திருவிழாவின்போது வைகைக் கரையில் முடியிறக்கிக்கொண்ட ஒருவர், சவரக் கத்தி கீறிவிட்டதாகச் சொல்லி அஞ்சி வந்ததுண்டு. உடலுக்கு வெளியே இக்கிருமி நெடுநேரம் வீரியத்துடன் இருப்பதில்லை, அவ்வகையில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. எனினும் ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த இரத்தத்திலும் பல நாள்கள் உயிர்த்திருக்கக் கூடியது. எனவே தலைக்கொரு புதுப் பிளேடு என்று கேட்டு வாங்குவது நியாயமான எச்சரிக்கையே. பச்சை குத்திக்கொள்பவர்கள் புதிய ஊசியைக் கேட்பதும் அவ்வாறே.

ஒருமுறை ஆபத்துக்கு உட்பட்டால் தொற்று உறுதி என்று எண்ணி மனமொடிந்து போகிறவர்கள் பலர். உண்மை அதுவன்று. தொற்றுள்ளவருக்குச் செலுத்திய ஊசி மருத்துவப் பணியாளரின் தோலில் குத்திவிட்டால், தடுப்பு மருந்து உட்கொள்ளாத நிலையிலும், 1,000 பேரில் ஏறத்தாழ மூவருக்கே தொற்று ஏற்படுகிறது. ஆண், பெண் உடலுறவில் ஒரு நிகழ்வுக்கான வாய்ப்பு இதனினும் குறைவு. குதவழி உடலுறவில் அது கூடுதல். தொற்றுள்ள இரத்தம் முழுமையாக ஏற்றப்பட்டால் மட்டுமே 100க்கு 90க்கும் மேல். வாய்ப்புக் குறைவு என்பதால் அலட்சியமாக இருக்கலாகாது. ஆனால் நிலைகுலையவும் தேவையில்லை.

முதல் 72 மணி நேரம்

ஆபத்துக்கு உட்பட்டபின் உட்கொள்ளும் தடுப்பு மருந்தைச் சுருக்கமாக ‘பெப்’ என்பர். கிருமி உடலுள் நுழைந்த இடத்திலிருந்து நிணநீர்க் கணுக்களைச் சென்றடைந்து பெருகி நிலைகொள்வதற்குச் சிறிது காலம் ஆகிறது. அந்தச் சிறு இடைவெளியில் மருந்து இரத்தத்தில் இருந்தால் கிருமி பெருக இயலாமல் அழிந்துபோகிறது. ஆகவே இதில் ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புடையது. இரண்டு மணி நேரத்திற்குள் முதல் மாத்திரையை விழுங்குவது மிகச் சிறந்தது; எப்படியாயினும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு தொடங்கினால் பயன் இராது.

நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் வழிகாட்டுதல்படி டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்று மருந்துகள் அடங்கிய கூட்டு மருந்து நாளொன்றுக்கு ஒருமுறை, 28 நாள்கள் தரப்படுகிறது. சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை ஏற்படலாம். பெரும்பாலும் தாங்கிக்கொள்ளக் கூடியவையே. பத்தாம் நாளில் ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அவ்வாறு நிறுத்துவது தொடங்காமல் இருந்ததற்கு ஒப்பாகிவிடும். சிறுநீரகக் கோளாறோ ஹெபடைடிஸ் பி தொற்றோ உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இம்மருந்துகளில் இரண்டு ஹெபடைடிஸ் பி கிருமியின்மீதும் செயற்படுவதால், தாமாக நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்ணுதல் வேண்டா.

ஊசி குத்திவிட்டால் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவினால் போதும். விரலைப் பிழிந்து இரத்தம் வெளியேற்றுவதும், வாயில் வைத்து உறிஞ்சுவதும், ஸ்பிரிட்டோ பிளீச்சிங் நீரோ ஊற்றுவதும் தீங்கே விளைக்கும். கண்ணில் இரத்தம் தெறித்தால் தூய நீரால் அலசுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் செலுத்தும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பயன்படுத்திய ஊசியை மூடியிட்ட கெட்டியான டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள். குப்பையில் வீசும் ஊசி, விடியற்காலையில் நம் தெருவைத் துப்புரவு செய்பவரின் கையில்தான் குத்துகிறது.

வன்கொடுமைக்கு ஆளானவர்களின் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காவல் நிலையத்திற்கு முதலில் போவதா, மருத்துவமனைக்கு முதலில் போவதா என்று தயங்கி இரண்டு நாள்களைக் கழித்துவிடாதீர்கள். முதலில் மருத்துவமனைக்கு வாருங்கள். தனியார் மருத்துவமனை உட்பட எந்த மருத்துவமனையும் அவர்களுக்கு உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கச் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து, கருத்தடை மாத்திரை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகிய மூன்றுமே காலத்தோடு போட்டியிடுபவை.

சோதனை ஏன் உடனே காட்டுவதில்லை

வைகை அணையில் மதகைத் திறந்த அன்றே மேலூர்ப் பக்கத்துக் கடைமடை வயலில் நின்று பார்த்துவிட்டு, ‘தண்ணீர் திறக்கவில்லை’ என்று எந்த உழவரும் முடிவு செய்யமாட்டார். நீர் கால்வாய் வழியே வந்துசேர நாள் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எச்.ஐ.வி. சோதனையும் அப்படிப்பட்டதே. கிருமி உடலுள் நுழைந்த நாளுக்கும், சோதனையில் அது தெரியவரும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. இதனை ‘விண்டோ பீரியட்’ என்பர். இங்கு இடைவெளிக் காலம் எனக் குறிப்பிடுகிறேன்.

சோதனை எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்து இந்த இடைவெளி நீளும், குறையும். முதலில் இரத்தத்தில் தென்படுவது கிருமியின் மரபணுப் பொருள். அடுத்து கிருமியின் மேற்புரதங்களுக்கு உள்ளே இருக்கும் பி24 என்னும் புரதம். இறுதியாக, கிருமியை எதிர்க்க நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள். ‘நெகட்டிவ்’ என்ற சொல் அறிக்கையில் இருந்தால், ‘இச்சோதனை தேடிய பொருள் இன்று இந்த இரத்தத்தில் இல்லை’ என்பதே அதன் பொருள். இடைவெளிக் காலம் முடிந்தபின் வந்தால்தான் ‘தொற்று இல்லை’ என்று அதைப் படிக்கலாம்.

அந்த இளைஞரின் ஐந்து அறிக்கைகளும் பொய்யானவை அல்ல. கேட்கக் கூடாத நாளில் கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைத்த விடைகள் அவை.

நாள்கணக்கு

ஆபத்து நேர்ந்த நாளை முதல் நாளாகக் கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகள் இருந்தால் கடைசி நிகழ்விலிருந்து எண்ண வேண்டும்.

முதல் நாள்: மருத்துவரைக் காணும் அன்றே ஒரு சோதனை செய்யப்படும். ‘இப்போது தெரியாதென்றால் ஏன் சோதிக்க வேண்டும்?’ என்று கேட்பதுண்டு. முன்பே தொற்று இருந்ததா என்பதை அறியவே இது. ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு 28 நாள் மருந்து போதாது. முழுமையான சிகிச்சை தேவை. கூடவே ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ் எனப்படும் மேகப்புண் ஆகியவற்றுக்கும் சோதிப்போம்.

மரபணுச் சோதனை: ‘நாட்’ எனப்படும் இது 10 முதல் 33 நாள்களுக்குள் தொற்றைக் கண்டுபிடிக்கிறது. செலவு மிக்கது, எல்லோருக்கும் தேவையில்லை. தொடக்கநிலைத் தொற்று என்று மருத்துவர் வலுவாக ஐயுறும்போது பயன்படும்.

நான்காம் தலைமுறைச் சோதனை: பி24 புரதத்தையும் எதிர்ப்பொருளையும் ஒருங்கே தேடுவது. கை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால் 18 முதல் 45 நாள்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். எனவே 45 நாள்கள் கடந்தபின் இச்சோதனை நெகட்டிவ் என்றால் பெருமளவு நிம்மதி கொள்ளலாம்.

விரைவுச் சோதனை: விரல் நுனி இரத்தத்தில் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைகள் 23 முதல் 90 நாள்களுக்குள் தொற்றைக் காட்டும். ஆகவே இவ்வகைச் சோதனையில் மூன்று மாதம் நிறைந்தபின் வரும் முடிவையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

தடுப்பு மருந்து உட்கொண்டவர்களுக்குக் கணக்குச் சற்று வேறு. மருந்து கிருமியை அடக்கி வைப்பதால் எதிர்ப்பொருள் உருவாவதும் தாமதமாகலாம். நம் நாட்டு வழிகாட்டுதல்படி அவர்களுக்கு ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் ஆகிய மூன்று முறை சோதனை செய்யப்படுகிறது.

மருந்து உட்கொள்ளாதவருக்கு நான் எளிமையாகச் சொல்வது இதுதான்: ஆறு வாரம் முடிந்தபின் ஒருமுறை, மூன்று மாதம் முடிந்தபின் ஒருமுறை. இடையே வேறு சோதனை வேண்டா. மூன்று மாதத்தில் நெகட்டிவ் என வந்து, இடையில் புதிய ஆபத்து ஏதும் நேராதிருந்தால் அத்தோடு அவ்வத்தியாயம் முடிந்தது. ஐந்தாண்டுகள் கழித்தும் ஆறு மாதத்திற்கொரு முறை சோதித்துக்கொண்டு வாழ்பவர்களை நான் பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவைப்படுவது இரத்தப் பரிசோதனையன்று. அச்சத்திற்கான மனநல ஆலோசனை.

அறிகுறிகளை வைத்து முடிவு கட்ட வேண்டா. தொற்று ஏற்பட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தடிப்பு, நெறிகட்டுதல் தோன்றும். மழைக்காலத்தில் மதுரையில் டெங்குவும் பிற வைரஸ் காய்ச்சல்களும் இதே உருவில்தான் வருகின்றன. மறுபுறம், தொற்றுள்ள பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதேயில்லை. காய்ச்சல் வந்ததால் தொற்று என்றோ, வராததால் தொற்றில்லை என்றோ சொல்ல இயலாது.

காத்திருக்கும் நாள்களில் உடலுறவின்போது ஆணுறை அணியுங்கள். இரத்த தானம் செய்யாதீர்கள். கருவுற்றவரோ பாலூட்டும் தாயோ ஆயின், மூன்று மாதம் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கூறுங்கள். தொடக்கநிலைத் தொற்றில் கிருமியின் எண்ணிக்கை மிக அதிகமாக இருப்பதால், பிறருக்குப் பரவும் வாய்ப்பும் அப்போதுதான் மிகுதி.

குழந்தைக்குக் கணக்கு வேறு

தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையை வழக்கமான எதிர்ப்பொருள் சோதனையால் சோதிக்க இயலாது. தாயின் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குச் சென்று 18 மாதங்கள் வரைகூட இரத்தத்தில் தங்கியிருக்கும். தொற்றில்லாத குழந்தைக்கும் பாசிட்டிவ் காட்டும். இதனை அறியாமல் வெளியில் சோதித்துவிட்டு, பேரக்குழந்தையைத் தொடவும் அஞ்சிய பாட்டியார் ஒருவரை நான் அறிவேன்.

எனவே குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்து, கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை ஆறாம் வாரத்தில் செய்யப்படுகிறது. பின்னர் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் எனத் தொடர்ந்து, 18ஆம் மாதத்தில் இறுதி முடிவு எடுக்கப்படுகிறது. சிகிச்சை ஏதுமின்றிவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதற்கான வாய்ப்பு 100க்கு 15 முதல் 45 வரை. தாய் கூட்டு மருந்தையும் குழந்தை தடுப்பு மருந்தையும் ஒழுங்காக உட்கொண்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.

சாத்தூர் தந்த பாடம்

நம் பகுதியில் இதை எழுதும் எவரும் 2018ஆம் ஆண்டு டிசம்பரைக் கடந்து செல்ல இயலாது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் இளைஞர் ஒருவர் சிவகாசியில் அரசு மருத்துவமனை இரத்த வங்கியில் உறவினருக்காக இரத்தம் கொடுத்தார். அந்த இரத்தம் டிசம்பர் தொடக்கத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு ஏற்றப்பட்டது. அதன்பின் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அந்த இளைஞர் அறிந்தார். அறிந்ததும் தாமே சென்று இரத்த வங்கியில் அதைத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அப்பெண்ணுக்குத் தொற்று உறுதியாயிற்று.

அந்த இளைஞர் 2016இலும் இரத்தம் கொடுத்திருந்தார் என்பதும், அப்போதே தொற்று தெரிந்தும் அம்முடிவு அவரைச் சென்றடையவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. ஊரறிந்த அவமானமும் குற்றவுணர்வும் தாங்காமல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் டிசம்பர் 30 அன்று இறந்தார். அப்பெண்ணுக்கு அதே மருத்துவமனையில் 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. உரிய மருந்துகள் தரப்பட்டன. குழந்தைக்குத் தொற்றில்லை என்று சோதனைகள் காட்டின. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இதில் யார் யார் தவறினார்கள் என்பது பலமுறை பேசப்பட்டுவிட்டது. நோயாளிகளும் குடும்பத்தாரும் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, இரத்த தானத்தைப் பரிசோதனையாகப் பயன்படுத்தாதீர்கள். ‘இரத்தம் கொடுத்தால் அவர்களே சோதித்துச் சொல்லிவிடுவார்கள்’ என்று எண்ணிச் செல்பவர்கள் உண்டு. இடைவெளிக் காலத்தில் கொடுத்த இரத்தம் சோதனையில் தப்பி மற்றவர் உடலுக்குச் சென்றுவிடக் கூடும். ஐயம் உள்ளவர் கொடுக்காதிருப்பதே தானம்.

இரண்டாவது, சோதனைக்கு இரத்தம் கொடுத்தால் முடிவை நேரில் சென்று பெறுங்கள். ‘ஒன்றும் இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்’ என்று இருந்துவிடாதீர்கள். கைப்பேசி எண் மாறியிருக்கலாம்; முகவரி தவறியிருக்கலாம். உங்கள் முடிவு உங்கள் கைக்கு வரும்வரை சோதனை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

மூன்றாவதே மிக முக்கியமானது. அந்த இளைஞரின் உயிரைக் கிருமி பறிக்கவில்லை. அவர் வாழ்ந்த அக்காலத்தில் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை உட்கொண்டு அவர் வேலைக்குச் சென்றிருக்கலாம், மணம் புரிந்திருக்கலாம், முதுமை வரை வாழ்ந்திருக்கலாம். தாமே முன்வந்து உண்மையைச் சொன்ன அவருடைய நேர்மையை நாம் போற்றியிருக்க வேண்டும். முடிவை அறிந்த ஒருவரைத் தனியே விடலாகாது என்பதை அவருடைய மறைவு நமக்கு உணர்த்துகிறது. ஆகவே வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள், வேலைக்கான மருத்துவச் சோதனையிலேயே முதன்முதலாகத் தம் நிலையை அறியும்படி விட்டுவிடாமல், முன்னதாகவே ஆலோசகர் உள்ள இடத்தில் சோதித்துக்கொள்வது நலம்.

எங்கே செல்வது, யாருக்குத் தெரியவரும்

தமிழகத்தில் இலவச எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரால் அறியப்படுகின்றன. மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் இம்மையமும், கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையமும் உள்ளன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். எந்த மையம் அருகில் உள்ளது என்பதைக் கட்டணமில்லா 1097 என்ற எண்ணில் கேட்டறியலாம். பெயர் சொல்லாமலே பேசலாம்.

மையத்திற்குச் சென்றால் முதலில் ஆலோசகர் தனியறையில் பேசுவார். என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது என்பதை ஒளிக்காமல் கூறுங்கள்; நாள் தவறாகச் சொன்னால் முடிவும் தவறாகப் பொருள்படும். ‘நண்பருக்காகக் கேட்கிறேன்’ என்று தொடங்குபவர்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அதில் வெட்கம் ஏதுமில்லை, அப்படியே தொடங்குங்கள். உங்கள் ஒழுக்கத்தை அளப்பது எங்கள் பணியன்று.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் உங்களுக்குச் சில உறுதிகளைத் தருகிறது. உங்கள் ஒப்புதலின்றி எச்.ஐ.வி. சோதனை செய்யலாகாது. முடிவை மறைவாகக் காக்க வேண்டும். தொற்றுள்ளவர் என்பதற்காகச் சிகிச்சை, கல்வி, வேலை, வாடகை வீடு எதையும் மறுத்தல் கூடாது. 

பாசிட்டிவ் என வந்தால்

ஒரே ஒரு சோதனையை வைத்து நாங்கள் எச்.ஐ.வி. என்று அறிவிப்பதில்லை. வெவ்வேறு முறையில் அமைந்த மூன்று சோதனைகளும் பாசிட்டிவ் என்றால்தான் உறுதி செய்யப்படும். எனவே வெளி ஆய்வகத்தின் ஓர் அறிக்கையைக் கண்டு எந்த முடிவுக்கும் வராமல் எங்களிடமோ நம்பிக்கை மையத்திற்கோ வாருங்கள்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அவ்வாறே முதன்முதலில் தெரியவந்தது. அன்று அம்முடிவைப் பெற்றவர்களுக்குக் கொடுக்க மருத்துவர்களின் கையில் மருந்தே இல்லை. இன்று நிலைமை முற்றிலும் வேறு. 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. 2017 முதல், எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது. மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டால் சில மாதங்களில் கிருமியின் அளவு சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்று பரவுவதில்லை. மணவாழ்வும் தொற்றில்லாக் குழந்தைப்பேறும் இயல்வனவே.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ கணவரோ மனைவியோ இச்செய்தியை உங்களிடம் சொன்னால், ‘எப்படி வந்தது?’ என்ற கேள்வியை முதல் நாளில் கேட்காதீர்கள். ‘சாப்பிட்டாயா?’ என்று கேளுங்கள். அன்றிரவு அவரைத் தனியே உறங்கவிடாதீர்கள். தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்காதீர்கள். அதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. வாழ்வில் பிடிப்பற்ற எண்ணம் தலைதூக்கினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ எந்நேரமும் தமிழில் பேசலாம். எங்கள் அவசரப் பிரிவுக்கும் நேராக வரலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

ஐயம் எழுந்த அன்றே மருத்துவரைக் காணுங்கள். 72 மணி நேரம் என்பது எல்லை.
மருந்து தொடங்கினால் 28 நாள்களும் நிறைவு செய்யுங்கள்.
மருந்து உட்கொள்ளாதவர் ஆறு வாரம், மூன்று மாதம் முடிந்தபின் சோதியுங்கள். மருந்து உட்கொண்டவர் ஆறாம் மாதத்திலும் சோதியுங்கள்.
இறுதி முடிவு வரும்வரை ஆணுறை அணியுங்கள், இரத்தம் கொடுக்காதீர்கள்.
முடிவை நேரில் பெறுங்கள்.

முதலில் கூறிய இளைஞர் நான் குறித்துக்கொடுத்த நாள்களில் தவறாமல் வந்தார். ஆறாம் வாரம் நெகட்டிவ். மூன்றாம் மாதமும் நெகட்டிவ். அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “முதல் நாளே உங்ககிட்ட வந்திருக்கணும் டாக்டர்” என்றார். “என்கிட்டதான்னு இல்ல தம்பி, பக்கத்துல இருக்கிற எந்த மருத்துவமனையா இருந்தாலும் சரி. அன்னைக்கே போயிருக்கணும்” என்றேன். அவருக்கு நல்வாய்ப்பாக அமைந்தது. நல்வாய்ப்பை நம்பியிருக்க வேண்டிய தேவை இனி எவருக்கும் இல்லை என்பதற்காகவே இதை எழுதினேன்.